கடை மாவில் ஒரு கிறிஸ்துமஸ்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. குழுவில் நோட்டு எழுதுவதால் எழுதி வைத்துத்தான் பேசத் தெரியும். அதனால் பார்த்துப் படிக்கிறேன், யாரும் சிரிக்க வேண்டாம். 1989ஆம் வருசம் தருமபுரி மாவட்டத்தில்தான் நம் மாநிலத்தில் முதல் முதலாக மகளிர் குழுக்கள் ஆரம்பித்தார்கள் என்று போன பயிற்சியில் சொன்னார்கள். நான் பிறந்ததும் அதே வருசம்தான். அதனால் குழுவுக்கும் எனக்கும் ஒரே வயசு.

தலைவி அக்கா என்னிடம் "பண்டிகைச் செலவைப் பத்திப் பேசு" என்றார்கள். செலவு என்றால் ரூபாய் மட்டுமா, நம்ம உடம்பும் செலவுதானே என்று எனக்குத் தோன்றியது. அதனால் எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். இந்துச் சகோதரிகளும் முஸ்லிம் சகோதரிகளும் கிறிஸ்துமஸ் என்று வருகிற இடத்தில் தீபாவளி, ரம்ஜான் என்று போட்டுக்கொள்ளுங்கள். அடுப்படி எல்லாம் ஒன்றுதான்.

எங்க ஊர் ஏரல் பக்கம். கிறிஸ்துமஸ் அன்று விடியக்காலம் நாலு மணிக்குக் கோயிலில் ஆராதனை. அது முடிந்து வந்ததும் இட்லி, கறிக்குழம்பு. மத்தியானம் பிரியாணி. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மத்தியானத்துக்கு இரண்டு நாத்தனார் குடும்பமும் வந்தால் பதினைந்து பேர். இது போக, தெருவுக்கெல்லாம் கொடுக்கிற பலகாரம். முறுக்கு, அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்து தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அதில் முந்திரி கிடையாது. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி உருட்டி, அரிசி மாவில் முக்கிப் பொரித்து எடுப்பது. பாகு சூடாக இருக்கும்போதே உருட்டணும். உருட்டி முடிக்கும்போது உள்ளங்கை சிவந்து போகும்.

குழுவில் நோட்டு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. ஒரு வருசம் மணிக்கணக்கை எழுதிப் பார்த்தேன். மாவு இடிக்க, பயறு வறுக்க 6 மணி நேரம். முறுக்கு வகை சுட 9 மணி. முந்திரிக்கொத்துக்கு 7. வெங்காயம், பூண்டு, இஞ்சி உரிக்க 3. இருபத்து நாலாம் தேதி ராத்திரியிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை சமையல் 11. பாத்திரம் கழுவ 4. மொத்தம் 40 மணி நேரம். நூறு நாள் வேலையில்கூட ஐந்து நாள் சம்பளம் போட்டிருப்பார்கள்.

2022 கிறிஸ்துமசுக்கு முந்தின ராத்திரி இரண்டு மணி இருக்கும். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கடைசி ஈடு முறுக்கு எண்ணெயில் கிடந்தது. கண்ணைச் சொருகியது தெரிந்தது, அதற்கப்புறம் தெரியாது. கரண்டி நழுவி எண்ணெய் சிதறி இடது கையில் முழங்கைக்குக் கீழே கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டில் பல்பசையைப் பூசச் சொன்னார்கள், பூசினேன். அது தப்பு என்று மறுநாள் நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரியும். குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிசம் பச்சைத் தண்ணீரில் காட்டணும், பசை, மை, ஐஸ் எதுவும் வைக்கக்கூடாதாம். இதை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையோடுதான் அன்றைக்குப் பதினைந்து பேருக்குச் சமைத்தேன். தழும்பு இருக்கிறது, கூட்டம் முடிந்து காட்டுகிறேன். அன்றைக்கு யாரும் என்னைச் சமைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருசம் 2023. அந்த டிசம்பரை நம்மில் யாரும் மறக்க முடியாது. 17ஆம் தேதியும் 18ஆம் தேதியும் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி தண்ணீர் எங்க தெருவுக்குள் வந்தது. வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நான் பலகாரத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த பச்சரிசி, பயறு, கருப்பட்டி எல்லாம் ஒரே களியாகிவிட்டது. மிக்சி, கிரைண்டர் போச்சு. வாழை விழுந்து கிடந்தது. பள்ளிக்கூடத்து மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம். அங்கே தலைவி அக்காவும் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவி முடிக்கும்போது கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. சேறு நாற்றம் போகவில்லை. வெளியூரிலிருந்து உதவிக்கு வந்தவர்கள் கொடுத்த ரவை பாக்கெட், சேமியா பாக்கெட், பிஸ்கட்டு, ரொட்டி, மசாலாப் பொடி இருந்தது. ரவையை உப்புமா கிண்டினேன். சேமியாவைப் பாயாசம் வைத்தேன். ரொட்டியைச் சட்டியில் போட்டுச் சூடு பண்ணினேன். அதுதான் கிறிஸ்துமஸ் விருந்து. சமையல் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யாரும் ஒரு குறை சொல்லவில்லை. உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டோமே என்றுதான் எல்லார் வாயிலும்.

அன்றைக்குக் கோயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் ஆராதனையை நான் முழுசாக இருந்து பார்த்ததே கிடையாது. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் பின் வாசல் வழியாக வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். குழம்பைச் சூடு பண்ணணும், இட்லி அவிக்கணும். நான் மட்டும் இல்லை, அந்தப் பாட்டுக்கு எழுந்து போகிற பொம்பளைகள் பாதிப் பேர். வெள்ளம் வந்த வருசம்தான் குருவானவர் ஐயா ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், பொம்பளைகள் பக்கம் ஒரு பாய்கூடக் காலியாக இல்லை. எல்லார் வீட்டிலும் உப்புமாதான் போல.

அது மனசிலேயே கிடந்தது. 2024 டிசம்பர் பிறந்ததும் எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன், "இந்த வருசம் நான் பலகாரம் சுடப் போறதில்ல, பிரியாணியும் போடப் போறதில்ல. கடையில வாங்குவோம்." அவுக பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அம்மைகிட்ட கேட்டியா?" என்றார்கள்.

அத்தைக்கு 71 வயசு. கேட்டேன். "ஊரு என்ன சொல்லும்?" என்றார்கள். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒன்பதாவது படிக்கிற என் மகள்தான் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து தைரியம் சொன்னாள். ஜப்பான் நாட்டில் கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேஎப்சி கடையில் பொரித்த கோழிதான் வாங்கிச் சாப்பிடுவார்களாம். 1974இல் அந்தக் கடைக்காரர்கள் விளம்பரம் பண்ணி ஆரம்பித்த பழக்கமாம், பல வாரத்துக்கு முன்னாலேயே ஆர்டர் கொடுத்து வைக்கிறார்களாம். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் போலத்தான் இருக்கிறார்கள். "பாத்தியாம்மா, ஒரு நாடே கடையில வாங்கித்தான் திங்குது" என்றாள். ஜப்பான்காரர்களுக்கு எங்க பெரிய நாத்தனார் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன வாங்கினேன் என்று சொல்கிறேன். அம்மன் கோயில் தெருக் குழு அக்காமார் அரைக்கிற இட்லி மாவு, ஒரு கிலோ பாக்கெட் 6, 300 ரூபாய். கோழி 2 கிலோ, குழம்புக்குக் கடை மசாலாப் பொடி, எல்லாம் சேர்த்து 500. மத்தியானத்துக்கு டவுனில் கோழி பக்கெட் பிரியாணி பெரியது 2, ஆர்டர் சொல்லி 3,800. பாதி வேகவைத்த பரோட்டா பாக்கெட் 4, 240. முறுக்கு வகை குழுவில் வாங்கியது 600. முதலூர் மஸ்கோத் அல்வா 400. வாழை இலை 100. ஆக மொத்தம் 5,940. நானே செய்த வருசம் எழுதி வைத்த கணக்கு 6,830. அதைப் பார்த்து 890 ரூபாய் மிச்சம் என்று சொன்னால் அது பொய்க் கணக்கு. அன்றைக்கு வாங்கியது நாலு கிலோ ஆட்டுக்கறி, இது கோழி. மட்டன் பக்கெட் வாங்கியிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும். என் வேலை நேரம் ஐந்தரை மணி. அந்தக் கணக்கில் மட்டும் பொய் இல்லை.

இருபத்து நாலாம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஏதோ திருடிவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் எண்ணெய்ச் சட்டி இரையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து ஒரு உழக்கு மாவாவது பிசைவோமா என்றுகூட நினைத்தேன். எப்படியோ தூங்கிவிட்டேன்.

மத்தியானம் பெரிய நாத்தனார் வந்து இறங்கினார்கள். திண்ணையில் பக்கெட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னளா இது, பெயிண்டு வாளி மாதிரி? எங்க வீட்டுச் சோத்தைத் திங்கத்தானே நாப்பது கிலோமீட்டர் வாரோம். வெள்ளத்துக்குச் சரி. இப்ப என்ன கேடு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை பக்கம் பார்த்தேன். அத்தையோ, "நான் என்னத்தச் சொல்ல, அவ இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வந்துவிட்டால் போதுமா, வேலை நடக்கணுமே. பரோட்டாவைக் கல்லில் போட்டேன்.

அப்போதுதான் என் மகள் வெளியே அவள் அப்பாவிடம் சத்தமாகக் கேட்டது காதில் விழுந்தது. "கோயில் அசனத்துல நீங்க எல்லாரும் விடிய விடிய கிடாரத்துல கிண்டுதீக. ஊருக்கே சோறு போடுதீக. வீட்டுல மட்டும் ஏன்ப்பா ஒரு வெங்காயம் உரிக்க மாட்டேங்கீக?" அசனம் என்பது எங்க பக்கத்துக் கோயில்களில் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதில் ஆம்பளைகள்தான் சமையல், பரிமாறுவதும் அவர்கள்தான். யாரும் அதைக் கேவலமாக நினைத்ததில்லை. இத்தனை வருசத்தில் எனக்கே அந்தக் கேள்வி தோன்றியதில்லை. எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போய் இலையைக் கழுவினார்கள். சின்ன நாத்தனாரின் மாப்பிள்ளை தண்ணீர் எடுத்து வைத்தார். பெரியவர் எழுந்திருக்கவில்லை. உள்ளதைச் சொல்லணும் இல்லையா.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம் போல பரிமாறக் கரண்டியை எடுத்தேன். அத்தை என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். "உக்காருளா. வாளிதானே, ஓடியா போவும்? அவங்கவங்க அள்ளிப் போட்டுக்கிடட்டும்." எனக்குக் கை நடுங்கியது. உட்கார்ந்தேன். பதினான்கு வருசத்தில் முதல் தடவையாக கிறிஸ்துமஸ் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் அத்தை. பாதிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்கள், "நான் இந்த வீட்டுக்கு வந்து அம்பது வருசமாச்சி. பண்டியல் அன்னைக்கு ஒருநாள்கூட எனக்கு முழுக் கறித்துண்டு கெடச்சதில்ல. எல்லாரும் தின்னு மிச்சம் எலும்புதான் கெடக்கும்." இதைச் சொல்லிவிட்டு என் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். காலையில் என்னை விட்டுக்கொடுத்த அதே அத்தைதான். மனுசங்க அப்படித்தான், என்ன செய்ய.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பரோட்டா ரப்பர் மாதிரி இழுத்தது. தீயைக் கூட்டி அவசரமாகப் போட்டது என் தப்பு, நிதானமாகப் போட்டு அடித்து எடுத்திருக்கணும். மசாலாப் பொடியில் உப்பு இருந்ததைப் பார்க்காமல் நானும் உப்புப் போட்டேன், அத்தைக்கு பிரஷர் உண்டு, சாயங்காலம் தலை சுற்றுகிறது என்றார்கள். பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது, தயாரித்த தேதி என்ன, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். நாம் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதற்குத்தான். மாவு பாக்கெட் ஊதியிருந்தால் உள்ளே புளித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஊற்றிவிடணும். இன்னொரு குறை பெரிய குறை. என் மகன் தட்டைப் பார்த்துவிட்டு, "முந்திரிக்கொத்து எங்க?" என்றான். கடை முந்திரிக்கொத்தை ஒரு கடி கடித்து வைத்துவிட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்தைதான் புத்தாண்டுக்கு முந்தின நாள் பயறை வறுக்கச் சொல்லி, சேரில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் கூப்பிட்டு உருட்ட வைத்தார்கள். எங்க வீட்டுக்காரரும் உருட்டினார்கள். ஒன்று எலுமிச்சம்பழம் அளவு, ஒன்று தேங்காய் அளவு.

இப்போது கூட்டமைப்புக்குச் சம்பந்தப்பட்ட விசயத்துக்கு வருகிறேன். மாவு கொண்டு வந்து கொடுத்த அம்மன் கோயில் தெரு அக்காவிடம் சங்கடத்தோடு கேட்டேன், "எங்களுக்குப் பண்டிகை, உங்களுக்கு முதுகு ஒடியுதே அக்கா?" அவர்கள் ஐந்து பேர், வங்கிக் கடனில் கிரைண்டர் வாங்கி நடத்துகிறார்கள். "எங்களுக்கு இது யாவாரம், காசு வருது. நீ உன் வீட்டுல நாப்பது மணி நேரம் செஞ்சா யாரு காசு தருவா? எங்க தீபாவளிக்கு நீங்க செஞ்சு குடுங்க, அப்ப நாங்க படுத்துத் தூங்குதோம்" என்றார்கள்.

விளையாட்டுக்குச் சொன்னதை நாங்கள் பிடித்துக்கொண்டோம். இந்த 2025 தீபாவளிக்கு எங்க குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து அவர்கள் தெருவுக்கும் பக்கத்து இரண்டு தெருவுக்கும் முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுத்துச் செய்தோம். பகலில் மட்டும் வேலை, சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடணும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். என் கையைக் காட்டித்தான் அந்தத் தீர்மானம். செலவு போக 9,400 ரூபாய் நின்றது. அதிரசம் ஒரு ஈடு பாகு பதம் தப்பி உதிர்ந்துவிட்டது, அதை விற்கவில்லை, எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றும் எடுத்திருக்கிறோம். நாங்கள் எடுத்தபோது வருசத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்கிறவர்களுக்கு அந்தப் பதிவு போதும் என்று இருந்தது, வருசக் கட்டணமும் 100 ரூபாய்தான் இருந்தது. 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதைப் பாக்கெட்டில் போட்டால் டவுன் கடைக்காரரும் வாங்கிக்கொள்வார். சமையல் வேலை பார்க்கிற எந்தக் குழுவும் இதை எடுக்காமல் இருக்க வேண்டாம். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள்.

போன வாரம் பெரிய நாத்தனார் போன் பண்ணினார்கள். குசலம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏளா, இந்த வருசமும் அந்த வாளிதானா?" என்றார்கள். "ஆமா மைனி" என்றேன். "மட்டன் வாளியாச் சொல்லு, பாதிக் காசு நான் தாரேன்" என்றார்கள். கோபம் தீர்ந்ததா தீரவில்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காசு அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கிறிஸ்துமசுக்கு இட்லி மாவு வேண்டியவர்கள் 20ஆம் தேதிக்குள் அம்மன் கோயில் தெருக் குழுவில் பேர் கொடுத்துவிடுங்கள். பாதிப் பணம் முன்பணம். 24ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து வாங்கிக்கொள்ளணும். அதற்கு மேல் மாவு கேட்டு யாரும் அவர்கள் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், என் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். நான் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன்.